தொண்டூர்க் கிணற்று யாதாஸ்தும் எங்கள் அலுவலகக் கணினியும்

நானும் என் கணவரும் செஞ்சியில் வழக்கறிஞர்கள். பேருந்து நிலையத்தை ஒட்டி, ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். ஒரே அறைதான். நடுவில் இரும்பு பீரோக்களை வரிசையாக நிறுத்தி இரண்டாக்கிக்கொண்டோம். தெருப் பக்கம் அவருக்கு, சுவர்ப் பக்கம் எனக்கு. அவர் அடிதடி, திருட்டு, விபத்து வழக்குகள் பார்ப்பார். நான் நிலம், கிணறு, பாகப்பிரிவினை. ஆளுக்கொரு மேசை, இருவருக்கும் சேர்த்து ஒரு கணினி.

அந்தக் கார்த்திகை மழையில் ஊரே தண்ணீரில் நின்றது. பேருந்து ஓடவில்லை, கரண்ட் இல்லை, நீதிமன்றமும் இல்லை. மழை விட்டபின் மாடியேறிப் பூட்டைத் திறந்தால், என் பக்கத்துக் கூரைத் தளத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டுக்கு நேர் கீழே என் பீரோ. கதவைத் திறந்தேன். வழக்குக் கட்டுகள் ஊறிய அவல் மாதிரி உப்பிப்போய் இருந்தன.

பெரும்பாலான கட்டுகளைப் பற்றிப் பயமில்லை. தாக்கலான காகிதங்கள் நீதிமன்றத்தில் இருக்கின்றன, நகல் வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு கட்டைத்தான் முதலில் தேடினேன். மழைக்கு முந்தின வாரம் தொண்டூரிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் ஒரே கிணற்றுக்குப் பங்காளிகள். யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்று இருவரும் பேசி, கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்ட யாதாஸ்து ஒன்று அவரிடம் இருந்தது. பதிவு செய்ததில்லை. எழுதிய இருவரும் இப்போது உயிரோடு இல்லை. பெரியப்பா மகன், அப்படி ஒரு காகிதமே கிடையாது என்று சொல்லி, மோட்டார் கொட்டகைக்கு வேறு பூட்டு போட்டுவிட்டார். அக்கா கொடுத்த அந்த மெல்லிய பழுப்புத் தாளை அந்த வழக்குக் கட்டுக்குள் வைத்து, வழக்கு எழுதும்போது நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். கைபேசியில் ஒரு படமாவது எடுத்திருக்கலாமே என்று பிறகு கேட்காத ஆளில்லை. எடுக்கவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். பாதை திறந்ததும் முதல் பேருந்தில் வந்துவிட்டார். அதற்குள் கரண்டும் வந்திருந்தது. அழுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டைப் பார்த்தார், தளத்தைப் பார்த்தார், முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"மழைய இன்னா பண்றது. எங்க வூட்லயும் ஒரு செவுரு வுழுந்துடுச்சு. வாங்க, பிரிச்சுப் பாக்கலாம்."

இருவரும் சேர்ந்து பிரித்தோம். மேலே ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாக உரித்து எடுக்கவே பகல் பாதி போய்விட்டது. யாதாஸ்து முழுதாக வந்தது. ஆனால் ஈரமான பாலாடை மாதிரி இருந்தது, ஊதினால் கிழிந்துவிடும். உரக்கடையில் ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கி, அதன்மேல் தாங்கிக் கொண்டுபோய் ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்தேன். பேனா மை கொஞ்சம் பரவியிருந்தாலும் எழுத்து திரையில் தெளிவாக விழுந்தது. கையெழுத்து இரண்டும் விழுந்தன. திரும்ப எடுக்கும்போதுதான் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாக வந்தது. அக்கா அந்தத் துண்டுகளையெல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்து, சோறு கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் துடைத்து அதில் போட்டுக்கொண்டார்.

"இதுக்குள்ள ஏறிடுச்சு இல்ல வக்கீலம்மா?" என்று கணினியைக் காட்டிக் கேட்டார்.

"ஏறிடுச்சுக்கா."

அந்த மழைக்குப் பிறகுதான், இருக்கிற கட்டுகளையெல்லாம் கணினியில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். தாறுமாறாக அல்ல, தேடினால் கிடைக்கிற மாதிரி. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் தம்பியிடம் கேட்டேன்.

"அதுக்குன்னே ஒண்ணு இருக்குதுக்கா. டாக்குமெண்ட் மேனேஜ்மெண்ட். ஓப்பன் சோர்ஸ், ஃப்ரீ. நீயே போட்டுக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை. இன்னா டைப் பண்ணணும்னு மெசேஜ்ல அனுப்பிடறேன்."

என் கணவர் பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையை நீட்டினார். "ஓப்பன்னா இன்னா? எல்லாரும் தெறந்து பாக்கலாமா? என் கட்டெல்லாம் ஜாமீன் கட்டு, சொல்லிட்டேன்."

"அந்த ஓப்பன் இல்லங்க."

"பின்ன எந்த ஓப்பன்?"

எனக்குத் தெரியவில்லை. தம்பியைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த சாஃப்ட்வேரை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் திறந்திருக்கும், அதற்குள் நாம் போடுவது மூடியிருக்கும் என்றான். இதை அப்படியே என் கணவரிடம் சொன்னேன். சமையல் குறிப்பு ஊருக்குத் தெரியும், சோறு நம் வீட்டில் இருக்கும், அப்படித்தானே என்றார். அப்படித்தான் என்று நினைக்கிறேன் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். கோட்டை பார்க்க வந்த வேன்கள் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. தம்பி அனுப்பிய குறிப்பின் முதல் வரியிலேயே தடுக்கி விழுந்தேன். அந்த சாஃப்ட்வேரை நேராகப் போட முடியாதாம். முதலில் இன்னொன்றைப் போட வேண்டும். அதற்குப் பெயர் கன்டெய்னர். அதற்குள்தான் இது ஓடும். கன்டெய்னர் என்றால் திண்டிவனம் சாலையில் போகும் நீள லாரிதான் எனக்குத் தெரியும். சரி, ஏதோ ஒரு பெட்டி என்று எடுத்துக்கொண்டு இறக்கினேன். அது இறங்கி, தன்னை நிறுவிக்கொண்டு, மறுபடி தொடங்கி, சிவப்பாக ஒரு வரி காட்டியது. உங்கள் கணினியில் மெய்நிகராக்கம் என்ற ஏதோ ஒரு வசதி அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். யார் அணைத்தது? நான் எதையும் தொடவில்லை.

தம்பி போனை எடுக்கவில்லை. இணையத்தில் தேடிப் படித்ததில், கணினி விழித்துக்கொள்ளும் அந்தக் கண நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதன் அடிமடிக்குள் போகலாம், அங்கே ஒரு விசை இருக்கிறது என்று தெரிந்தது. எந்தப் பொத்தான் என்பது கணினிக்குக் கணினி மாறும். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். அழுத்தும்போதெல்லாம் அது தாண்டிப் போய் வழக்கமான திரையில் நின்று என்னைப் பார்த்தது.

"வேணாம்மா," என்றார் என் கணவர். "நாளைக்கு ஜாமீன் மனு டைப் பண்ணணும். மெஷின் படுத்துக்கினா கையிலயா எழுதுறது?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் நீலத்திரை ஒன்று விரிந்தது. அதில் இருந்த எந்தச் சொல்லும் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் சிவப்பு வரியில் பார்த்த அந்த ஒரு சொல் மட்டும் ஒரு மூலையில் இருந்தது. பக்கத்தில் 'அணை' என்பதை 'இயக்கு' என்று மாற்றி, சாமியைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். சிவப்பு வரி போய்விட்டது. ஏன் இருந்தது, ஏன் போனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பிறகு கறுப்புத் திரை. தம்பி அனுப்பிய வரிகளை எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தட்டினேன். வரிகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. பாதியில் கரண்ட் போனது. வந்தபின் முதலிலிருந்து தட்டினேன். ஏற்கெனவே இருப்பது இருக்கிறது, இல்லாததை மட்டும் கொண்டுவருகிறேன் என்று அதுவே சொல்லிக்கொண்டது. அந்த ஒரு தடவைதான் அந்த இயந்திரத்தின்மேல் எனக்கு மரியாதை வந்தது.

அடுத்து, எனக்கென்று ஒரு கணக்கு உண்டாக்கச் சொன்னது. பெயர் கேட்டது, கொடுத்தேன். கடவுச்சொல் கேட்டது. தட்டினேன். திரையில் ஒன்றுமே விழவில்லை. ஓர் எழுத்து, ஒரு புள்ளி, எதுவும் இல்லை. அழுத்தித் தட்டினேன். இல்லை. மழை ஈரம் விசைப்பலகைக்குள் போயிருக்கும் என்று முடிவுகட்டி, கீழே உரக்கடைக்காரரிடம் அவருடையதைக் கேட்டு வாங்கிவந்தேன். யூரியா தூசியோடு இருந்த அதை மாட்டித் தட்டினாலும் அப்படியே. இரண்டு விசைப்பலகையுமா கெட்டுப்போகும்? தம்பியின் குறிப்பை அப்போதுதான் கடைசிவரை படித்தேன். 'பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஸ்க்ரீன்ல தெரியாது, பயப்படாத' என்று எழுதியிருந்தான். அதை மேலே எழுதியிருக்கக் கூடாதா?

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது திறந்தது. வெள்ளைப் பக்கம், ஓரத்தில் பச்சைக் கோடு, 'வருக' என்று ஆங்கிலத்தில். நான் கைதட்டிவிட்டேன். என் கணவர் எழுந்து வந்து பார்த்தார். வாழ்த்துவதற்குப் பதில் நெற்றியைச் சுருக்கினார்.

"இது பிரவுசர் இல்ல? நெட்டு பாக்கறது இல்ல?"

"ஆமாங்க."

"அப்ப நெட்ல ஏத்திட்டியா எல்லாத்தையும்?"

இல்லை என்றுதான் தம்பி சொல்லியிருந்தான். ஆனால் இணையம் பார்க்கிற அதே சன்னலில் அது நிற்பதைக் கண்ணால் பார்க்கும்போது எனக்கே சந்தேகம் வந்தது. குனிந்து, சுவரிலிருந்து வந்த இணைய வயரைப் பிடுங்கினேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். 'வருக' என்று மறுபடியும் வந்தது.

"நெட் இல்லாமலே வருது பாருங்க."

"நெட் இல்லாம எங்கிருந்து வருது?"

"இதுக்குள்ள இருந்து."

"இதுக்குள்ள இருக்கறது ஏன் நெட்டு வழியா வருது?"

அவர் குறுக்கு விசாரணையில் பெயர் வாங்கியவர். நான் குனிந்து வயரைத் திரும்ப மாட்டினேன்.

கணினி இருவருக்கும் பொது என்பதால் அவருக்கும் ஒரு கணக்கு உண்டாக்கினேன். அவரே உட்கார்ந்து தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டி உள்ளே போனார். ஆவணம் எதுவும் இல்லை என்று காட்டியது. நான் இன்னும் எதையும் போடவில்லையே, அதனால் காலி என்றேன். அவருக்குத் திருப்தி. டீ குடிக்க இறங்கிப் போனார்.

அதன்பிறகுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். அந்த சாஃப்ட்வேர் தனக்கென்று ஒரு கோப்புறை வைத்திருந்தது. அதற்கு 'கன்ஸ்யூம்', அதாவது 'உட்கொள்', என்று பெயர். ஸ்கேன் செய்ததை அதில் போட்டால் அது எடுத்துக்கொள்ளும் என்று குறிப்பில் இருந்தது. நுகர்வோர் வழக்கு நடத்தியவள்தான் நான்; அந்தச் சொல் எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். மழையில் நனைந்த கட்டுகளின் ஸ்கேன்கள் எல்லாம் மேசைத்திரையில் ஒரே இடத்தில் இருந்தன, யாதாஸ்தும் அதில்தான். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தேன். நகலெடுக்காமல், வெட்டி ஒட்டிவிட்டேன். கோப்புறையில் வரிசையாக நின்றன. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் ஜன்னலில் நின்று, திரும்பி வந்து பார்த்தேன்.

கோப்புறை காலி.

சாஃப்ட்வேர் பக்கத்தைத் திறந்தேன். ஆவணம் எதுவும் இல்லை.

மேசைத்திரையில் இல்லை. குப்பைத்தொட்டியில் இல்லை. மறுபடி கோப்புறை. காலி. யாதாஸ்தின் பெயரை எழுதித் தேடினேன். கணினி வெகுநேரம் சுற்றிவிட்டு, கிடைக்கவில்லை என்றது. தம்பிக்குப் போன் அடித்தேன், அணைத்து வைத்திருந்தான். என் கணவர் டீ குடித்துவிட்டு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "இன்னா ஆச்சு?" என்றார்.

"போட்டதெல்லாம் காணோம்."

"எங்க போட்ட?"

"இதுல."

"இதுல இருந்து எங்க போச்சு?"

"தின்னுடுச்சுங்க."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குக் கணினியில் மனு தட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனாலும் உட்கார்ந்திருந்தார். "அந்தத் தொண்டூர் பேப்பரும் அதுலதானா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். மறுநாள் காலை வழக்கு எழுதுவது பற்றிப் பேச அந்த அக்கா வருவதாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது தேடல் அல்ல, துழாவல். கணினியின் ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து மூடினேன். கன்ஸ்யூம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வேறு சில கோப்புறைகள் இருந்தன. ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் ஒன்று. அடியில் எண்களை மட்டுமே பெயராகக் கொண்ட கோப்புகள். பூஜ்யம் பூஜ்யமாக நீண்டு, கடைசியில் ஓர் இலக்கம். நான் வைத்த பெயர் ஒன்றுமே இல்லை. ஏதோ கணினியின் சொந்தச் சரக்கு என்று மூடப்போனவள், தெரியாமல் ஒன்றைத் தட்டிவிட்டேன்.

யாதாஸ்து விரிந்தது. மை பரவிய ஓரம், இரண்டு கையெழுத்து, எல்லாம்.

"இதானே?" என்றார் என் கணவர்.

"இதாங்க."

"அப்ப இருக்குது."

"இருக்குது. ஆனா சாஃப்ட்வேர் இல்லன்னு சொல்லுது."

சாஃப்ட்வேர் பக்கத்துக்குப் போனோம். ஆவணம் எதுவும் இல்லை. எண் கோப்புறைக்கு வந்தோம். இருக்கிறது. இருவரும் மாறி மாறிப் பார்த்தோம். ஒரே பெட்டியில் ஒரு கை எடுத்து வைத்திருக்கிறது, இன்னொரு கை இல்லை என்று சத்தியம் செய்கிறது. முதல் வேலையாக அந்த எண் கோப்புகளையெல்லாம் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, அதை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். திரையைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். பார்த்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

"அக்கா, மேல வலது பக்கம் யார் பேர் இருக்குது?"

பார்த்தேன். என் கணவர் பெயர்.

"மாமா பேர்ல உள்ள போயிருக்கற. மாமாவுக்கு நீ எதையும் பாக்கற பர்மிஷனே குடுக்கல. அதான் அதுக்கு ஒண்ணும் இல்லன்னு காட்டுது. வெளிய வந்து உன் பேர்ல போ."

வெளியே வந்து என் பெயரில் போனேன். வரிசை வரிசையாக எல்லாக் கட்டுகளும் சின்னச் சின்னப் படங்களாக நின்றன. மதியம் முழுக்க அந்த இயந்திரம் என்னை என் கணவர் என்று நம்பியிருக்கிறது. நானும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

என் கணவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருவது வருஷம் ஒண்ணா ஆபீஸ் நடத்தறோம். பாக்கறதுக்குக் கூட உரிமை குடுக்கலியா?"

"எனக்கே தெரியாதுங்க, குடுக்கணும்னு."

குழப்பம் அதோடு தீரவில்லை. அந்த சாஃப்ட்வேர் தாள்களைத் தானே படித்து, தேடினால் எடுத்துக்கொடுக்கும் என்பதுதான் அதன் பெருமை. 'தொண்டூர்' என்று தேடினேன். தளவானூர் நெல் அரைவை மில் ஒன்றின் வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து வைத்தது. அதற்குத் தமிழ் கற்றுக்கொடுக்க இன்னொரு வரி தட்ட வேண்டும் என்றான் தம்பி. தட்டினேன். தட்டச்சு செய்த தமிழைப் பரவாயில்லாமல் படித்தது. கையெழுத்தைப் படிக்கவில்லை. யாதாஸ்தை அது எப்படிப் படித்திருக்கிறது என்று திறந்து பார்த்தபோது, வெறும் புள்ளிகளும் ஒற்றை எழுத்துகளும் அரைகுறை எண்களும் இருந்தன. நான் படிக்கிறேன், அது படிக்கவில்லை, ஆனால் வைத்துக்கொண்டிருக்கிறது. தலைப்பை நானே தட்டிச் சேர்த்தேன்.

மறுநாள் அக்கா வந்து பார்த்தார். திரையில் அப்பாவின் எழுத்து பெரிதாக விரிந்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நேற்று மதியம் நடந்ததை அவரிடம் சொன்னேன். "கெடச்சுது இல்ல, வுடுங்க," என்றார்.

ஆனால் விட முடியவில்லை. வழக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: மூலம் டிபன் பாக்ஸில் துண்டுகளாக இருக்கிறது. நீதிமன்றத்தில் வைக்கப்போவது கணினியிலிருந்து எடுக்கும் அச்சுப்பிரதி. கணினியிலிருந்து எடுத்ததைச் சான்றாக வைத்தால், அந்தக் கணினிக்குப் பொறுப்பானவர் ஒரு சான்றிதழ் எழுதித் தர வேண்டும். அந்தச் சமயத்தில் கணினி ஒழுங்காக இயங்கிக்கொண்டிருந்தது, இது அதிலிருந்து சரியாக எடுக்கப்பட்டது என்று. எத்தனையோ பேருக்கு அந்தச் சான்றிதழை நான் எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கியிருக்கிறேன். எழுதியதை ஒருபோதும் நின்று படித்ததில்லை. இப்போது என் முறை. 'ஒழுங்காக இயங்கிக்கொண்டிருந்தது' என்ற வரியில் பேனா நின்றுவிட்டது.

"ஒழுங்கா ஓடுச்சா?" என்று என் கணவரிடம் கேட்டேன்.

"அது ஒழுங்காத்தான் ஓடுச்சு. நாமதான் ஓடல," என்றார்.

யோசித்துப் பார்த்தால் சரிதான். இல்லை என்று அது சொன்னதும் அதன் கணக்கில் உண்மை. கையெழுத்துப் போட்டேன். சாட்சியாகப் போகிறவளே வக்கீலாக நிற்கக் கூடாது என்பதால், எங்கள் நீதிமன்றத்தில் இருக்கும் இன்னொரு பெண் வழக்கறிஞரிடம் வழக்கை ஒப்படைத்தேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "நீங்க பக்கத்துல இருப்பீங்க இல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பக்கத்தில் இல்லை, கூண்டில் இருப்பேன் என்றேன்.

முதலில், தீர்ப்புவரை தண்ணீரை மறிக்கக் கூடாது என்று ஓர் இடைக்கால மனு. அதில் என்னை விசாரிக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. அந்தத் தரப்பு வக்கீல் எங்களோடு தினமும் டீ குடிக்கிறவர். நான் வழக்கமாக நிற்கிற இடத்திலிருந்து நாலடி தள்ளிக் கூண்டில் ஏறி நின்றபோது, கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நீங்க சொல்ற சாஃப்ட்வேர் யாருக்குச் சொந்தம்?" என்று தொடங்கினார்.

"தனிப்பட்ட யாருக்கும் சொந்தம் இல்லை. பல பேர் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்தது."

"அப்ப அதை யார் வேணும்னாலும் மாத்தி எழுதலாம்?"

"சாஃப்ட்வேரை மாத்தலாம். எங்க கணினியில இருக்கிற காகிதத்தை வெளியில இருந்து யாரும் மாத்த முடியாது."

"அது உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லிவிடலாம். என் கட்சிக்காரர் யாராவது இந்த இடத்தில் நின்றிருந்தால், தயங்காமல் பதில் சொல்லுங்கள் என்றுதான் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

"தெரியாது," என்றேன். "நிறுவும்போதே நான் நிறையக் குழம்பினேன். ஒரு மதியம் முழுக்க, எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். ஆனா அந்தத் தாளைக் கண்ணாடியில வச்சது என் கை. அப்ப திரையில பார்த்ததும் என் கண்ணு. இப்ப அச்சுல இருக்கிறது அதேதான். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அவர் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார். நான் சொன்னது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை. இறங்கும்போது கூண்டின் படி உயரமாக இருந்தது; இத்தனை வருடத்தில் அதை ஒருநாளும் கவனித்ததில்லை.

வெளியே வராந்தாவில் அக்காவின் பெரியப்பா மகன் நின்றிருந்தார். எங்களிடம் பேசமாட்டார் என்று நினைத்தேன். கிட்டே வந்து, "அந்தப் பேப்பர நான் ஒரு தடவ பாக்கலாமா மேடம்?" என்றார். அக்காவிடம் இருந்த நகலை அக்காவே நீட்டினார். வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"எங்கப்பா கையெழுத்து மாதிரிதான் இருக்குது," என்றார்.

"மாதிரியா?" என்றார் அக்கா.

அவர் தாளை மடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தீர்ப்பு வரும்வரை அந்தத் தாளில் உள்ள கிழமைப்படியே இருவரும் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. மூல வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த அச்சுப்பிரதியைக் கடைசியில் ஏற்பார்களா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. வழக்கு நடத்தும் தோழியும் தெரியாது என்றுதான் சொல்கிறார். மோட்டார் கொட்டகைக்கு இப்போது இரண்டு சாவி.

மாசியில் ஒருநாள் அக்கா மாடியேறி வந்தார். தோளில் ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. மண்ணோடு என் கணவர் மேசையில் கொட்டினார்.

"தண்ணி வுட்டதுல காய் நல்லா புடிச்சிருக்குது. வேவிச்சுத் தின்னுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, தயங்கினார். "மார்க்கெட் கமிட்டில மூட்ட போட வந்தேன். அப்படியே நைனா எழுத்த ஒரு தடவ காட்டுறீங்களா?"

அவர் அப்பாவின் எழுத்தைத் திறந்து காட்டினேன். நின்றபடியே பார்த்தார். தொண்டூர் பேருந்து கீழே உறுமியது. "வரேன் வக்கீலம்மா," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக இறங்கினார்.